புதிய .22 பிஸ்டலில் தோட்டா சேம்பருக்குள் ஏறாமல் சிக்குகிறது: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கண்டனூர் இலக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பயிற்சி செய்துவிட்டு, இந்த ஆண்டுதான் 25 மீட்டர் பிரிவுக்கு வந்திருக்கிறேன். அதற்காக உரிமம் பெற்று, இறக்குமதியாளர் ஒருவர் வழியாக வாங்கிய .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள் எனும் சிறு தோட்டா வகை) போட்டிப் பிஸ்டல் என் கைக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஊருக்கு அருகில் 25 மீட்டர் சுடுதளம் இல்லாததால், மதுரைக்குச் சென்று சுட்டுவிட்டு வருகிறேன். ஆகவே ஒவ்வொரு பயணமும் எனக்கு ஒரு முழு நாளும், கணிசமான செலவும் ஆகும்.

இதுவரை மூன்று பயணங்களில் ஏறக்குறைய 380 தோட்டாக்கள் சுட்டிருக்கிறேன். அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட முறை பிஸ்டல் பாதியில் நின்றுவிட்டது. சுட்டதும் முன்னும் பின்னும் ஓடும் பகுதியான ஸ்லைடு பின்னே சென்று வெற்றுக் கூட்டை வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் அது முன்னே வரும்போது, அடுத்த தோட்டாவின் ஈய முனை சேம்பரின் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின்) கீழ் விளிம்பில் முட்டி, ஸ்லைடு முக்கால் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தத் தோட்டாவை எடுத்துப் பார்த்தால், ஈயத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. சில சமயம் பித்தளைக் கூடே சற்று வளைந்திருக்கிறது. நிதானமாகச் சுடும் பகுதியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வேகப் பகுதியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இலக்கு 3 விநாடிகள் மட்டுமே முகம் காட்டும் என்பதால், ஐந்து தோட்டாக்களில் ஒன்று சிக்கினாலும் அந்தத் தொடர் முழுவதும் என் மனம் இலக்கை விட்டுப் பிஸ்டலின் மேலேயே இருக்கிறது.

காரைக்குடியில் எங்கள் குடும்பத்துக்கு நீண்ட காலமாகத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர், தோட்டா ஏறும் சரிவை அரத்தால் லேசாகத் தேய்த்து மெருகேற்றினால் சரியாகிவிடும் என்கிறார். வீட்டுக் கதவுப் பூட்டுகளையெல்லாம் அவர்தான் பழுது பார்த்தவர் என்பதால் என் அப்பச்சி அவரையே நம்பச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. புதிய பிஸ்டல் சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு தானாகவே பழகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஆர்மரர் எழுதியது:

உங்கள் மனம் ஒப்பாதது சரியே, அம்மா. பிஸ்டலை அந்தப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல், பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. எவ்வளவு கைத்திறன் உள்ளவரானாலும் அந்த உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்தால், நல்ல மனத்தோடு உதவ வந்த அவரையும் நீங்கள் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சேம்பரின் கீழ் வாயைத் தேய்த்தால், தோட்டாக் கூட்டின் பின்பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் உலோகம் குறைகிறது. .22 கூடு மிக மெல்லிய பித்தளை. தாங்கும் இடம் குறைந்தால் அது வெடித்து, சூடான வாயு உங்கள் கைப்பக்கமே வரும். தேய்த்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் வழியில்லை. நான் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிப்பவனாக, பணியில் இருந்த காலத்தில், ஏறுசரிவில் கை வைக்க வேண்டிய அளவுக்குக் கெட்டுப்போன புதிய பிஸ்டல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை; ஆனால் தேய்த்துக் கெடுத்தவை சிலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைத் தேடும் முன், சிக்கிய தோட்டாவை எப்படி எடுக்கிறீர்கள் என்பதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். குழல் இலக்கு மேட்டை நோக்கியே இருக்க, விரல் டிரிக்கரை விட்டு வெளியே இருக்க, முதலில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை உருவிவிட்டு, அதன் பிறகே ஸ்லைடை முழுவதும் பின்னே இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போன்ற எந்த உலோகத்தாலும் நெம்பக் கூடாது. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் தனியாக இல்லை, அடியில் உள்ள ரிம் முழுவதிலும் பரவியிருக்கிறது. அந்த விளிம்பில் எங்கே அடிபட்டாலும் வெடிக்கக்கூடும். டிரிக்கரை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைத் திருப்பாமல் அரை நிமிடம் காத்திருங்கள். சத்தம் வழக்கத்தை விட மந்தமாகக் கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். உள்ளே பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். வெட்டு விழுந்த தோட்டாவையும் வளைந்த தோட்டாவையும் மறுபடி மேகசினில் போடாமல், சுடுதளத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிஸ்டல் நின்றுவிட்டது என்பது நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் என்பதைப் போல ஓர் அறிகுறிதான். கூடு வெளியேறாமல் நின்றால் அது வேறு. தோட்டா சேம்பருக்குள் போய், கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் அது வேறு. ஸ்லைடு போதுமான தூரம் பின்னே போகாமல் அடுத்த தோட்டாவைத் தவறவிட்டால் அதுவும் வேறு. நீங்கள் சொல்வது முனை கீழ்நோக்கிப் போய் முட்டுவது. இத்தகைய சிக்கலில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி மேகசின்தான் என்பது என் அனுபவம். தோட்டா எந்தக் கோணத்தில் தலைதூக்கி நிற்க வேண்டும் என்பதை, மேகசின் வாயின் இரு பக்கமும் உள்ளே மடிந்திருக்கும் ஓரங்களும், அடியிலிருந்து தள்ளும் ஸ்பிரிங்குமே தீர்மானிக்கின்றன. அந்த ஓரங்களை நாங்கள் லிப் என்போம்.

ஆகவே அடுத்த பயணத்தில் இவற்றைச் செய்யுங்கள். மேகசின்களின் அடியில் நகப்பூச்சால் 1, 2 என்று எண் போடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் சென்று, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, முனை எங்கே இருந்தது என்று எழுதுங்கள். முழுதாக நிரப்பியபோது முதல் தோட்டாவே சிக்கினால் ஒரு பொருள். கடைசித் தோட்டா சிக்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே நாளில் தோட்டா வகையையும் மேகசினையும் எண்ணெயையும் சேர்த்து மாற்றிவிட்டால், சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

போவதற்கு முன் வீட்டில் பிஸ்டலைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவுக்குப் பிரித்துத் துடையுங்கள். தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருப்பதற்காகப் பூசும் கெட்டியான எண்ணெய் பயணத்திற்கு உரியதே தவிர, சுடுவதற்கு உரியது அன்று. அதன் மேல் நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஒட்டினால் பசையாகிவிடும். சேம்பர் உலர்ந்திருக்க வேண்டும். மேகசினின் உட்புறமும் உலர்ந்திருக்க வேண்டும். ஸ்லைடு ஓடும் தடத்தில் மட்டும் கையேடு சொல்லும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். வீடுகளில் பழைய துப்பாக்கிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். அது குளிர்ந்த வேளையில் உறைந்துவிடும் என்பதால் தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.

பழகிவிடும் என்று சொல்பவர்கள் முற்றிலும் தவறில்லை. புதிய ஸ்பிரிங்குகளும் உராயும் பரப்புகளும் முதல் சில நூறு தோட்டாக்களில் சற்று இளகும். ஆனால் பழகும் பிஸ்டலில் நிற்பது குறைந்துகொண்டே வர வேண்டும். உங்களுடையது குறைகிறதா என்பதை நோட்டுப் புத்தகம்தான் சொல்லும்.

தேவகோட்டை .32 எழுதியது:

என்னிடம் இருப்பது தற்காப்புக்காக உரிமம் பெற்ற .32 பிஸ்டல், போட்டித் துப்பாக்கிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனாலும் ரிம் என்ற சொல்லைப் பார்த்ததும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. .32 ஏ.சி.பி. தோட்டா 1899இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. அதன் அடி விளிம்பு கூட்டை விட மிகச் சிறிதளவே வெளியே நீண்டிருக்கும். அந்தச் சிறிய நீட்டமே எனக்கு இரண்டு ஆண்டுகள் தொல்லை கொடுத்தது. மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், மேல் தோட்டா முன்னே நகர முடியாமல் பூட்டிக்கொள்ளும். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் தீராது, மேகசினை எடுத்துக் காலி செய்தால்தான் தீரும். நீளம் குறைந்த குண்டு உள்ள தோட்டாக்களில் இது அதிகம், ஏனெனில் மேகசினுக்குள் அவை முன்னும் பின்னும் நகர இடம் கிடைக்கிறது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அடியில் உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைக்கத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை. .22 தோட்டாவின் விளிம்பு இதை விடப் பெரியது என்பதால் உங்களுக்கும் பயன்படலாம்.

கண்டனூர் இலக்கு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடியே பிரித்துத் துடைத்தேன். ஸ்லைடின் அடிப்பகுதியிலிருந்து தேன் போன்ற பழுப்பு நிறப் பசை வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. லேத் பட்டறை யோசனையை அப்பச்சியிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டிய பிறகு கைவிட்டாயிற்று.

நேற்று மதுரையில் 200 தோட்டாக்கள் சுட்டேன். மேகசின் 1இல் 100 தோட்டாக்கள், நான்கு முறை நின்றது. மேகசின் 2இல் 100 தோட்டாக்கள், பதினைந்து முறை நின்றது. அவற்றில் பதினொன்று முதல் தோட்டாவிலோ இரண்டாவது தோட்டாவிலோ நிகழ்ந்தவை. எல்லாமே முனை கீழே போய் முட்டியவைதான். இப்படி எண்ணிப் பார்க்கும்வரை, இரண்டு மேகசின்களும் ஒன்றுபோலத்தான் சிக்குகின்றன என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு செய்திகள். நான் பயன்படுத்தும் தோட்டா ரைஃபிளுக்கு என்று விற்கப்படுவது. கையில் எடுத்தாலே மெழுகு ஒட்டும். போகும் வழியில் திருப்பத்தூரில் உறவினர் வீட்டில் இறங்கிச் சாப்பிட்ட நேரத்தில் தோட்டாப் பெட்டி பூட்டிய காருக்குள், ஓட்டுநரின் காவலில், வெயிலில் இருந்தது. சுடுதளத்தில் திறந்தபோது சில தோட்டாக்களில் மெழுகு உருகி ஒரு பக்கமாகத் திரண்டிருந்தது. ஏர் பிஸ்டல் பழக்கத்தில் தினமும் வீட்டில் வெறுமனே டிரிக்கரை இழுத்துப் பயிற்சி செய்கிறேன். ஆனால் இந்தப் பிஸ்டலில் அதற்கென்று தனி அமைப்பு இருப்பதால் அதைப் போட்டுவிட்டே செய்கிறேன்.

கோட்டையூர் பயிற்சியாளர் எழுதியது:

வணக்கம் ஆச்சி. நானும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன். இப்போது வெளியூரில் 25 மீட்டர் பிரிவில் பயிற்சி அளிக்கிறேன். தனி அமைப்பைப் போட்டுவிட்டுப் பயிற்சி செய்வதைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அது இல்லாத .22 துப்பாக்கியில் வெறுமனே இழுத்தால், தோட்டாவின் அடியைத் தட்டும் ஃபயரிங் பின் சேம்பர் வாயில் மோதி அங்கே சிறு பிசிறு எழும்பிவிடும். அதுவே பின்னர் தோட்டாவைத் தடுக்கும். உங்கள் செய்தியால் அந்தச் சந்தேகம் நீங்கியது.

நான் கேட்க விரும்புவது, மேகசினை எப்படி நிரப்புகிறீர்கள் என்பது. பக்கவாட்டில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்து தோட்டாக்களையும் வரிசையாக உள்ளே போட்டுவிட்டு, பொத்தானை விடுகிறீர்களா? என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அது விரைவானது. ஆனால் பொத்தானை அடிவரை இறக்கினால் தோட்டாக்கள் உள்ளே தளர்வாக விழுகின்றன. ஒன்று தலை குனிந்தும், ஒன்று விளிம்பு பின்னால் மாட்டியும் கிடக்கும். ஸ்பிரிங் மேலே தள்ளும்போது அந்தக் குழப்பம் அப்படியே மேலே வரும். தேவகோட்டை அண்ணன் சொன்ன பூட்டுதான் இதுவும். ஒரு தோட்டாவுக்குத் தேவையான அளவு மட்டும் பொத்தானை இறக்கி, தோட்டாவை லிப்புக்கு அடியில் பின்னே தள்ளி அமர்த்தி, அதன் பிறகே அடுத்ததற்கு இறக்க வேண்டும். ஐந்தும் நிரப்பிய பின் பக்கவாட்டில் பார்த்தால், மேல் தோட்டாவின் முனை சற்றே நிமிர்ந்து இருக்க வேண்டும். மேகசினைக் கைப்பிடிக்குள் செருகும்போது கிளிக் என்ற ஒலி வரும்வரை உள்ளங்கையால் அழுத்துங்கள். அரை மில்லிமீட்டர் தாழ்வாக நின்றாலும் முனை அந்த அளவுக்குத் தாழ்ந்துதான் போகும். முதல் தோட்டாவை ஏற்றும்போது ஸ்லைடைக் கையால் தாங்கி மெல்லக் கொண்டுவராதீர்கள். முழுவதும் பின்னே இழுத்து, விட்டுவிடுங்கள். புதிய பொருள் என்ற பரிவினால் பலரும் தாங்குகிறார்கள், அதனால்தான் முதல் தோட்டாவிலேயே நிற்கிறது.

தோட்டாவைப் பொறுத்தவரை, .22இல் குண்டின் வெளிப்புறம் ஈயமும் மெழுகுமாகத் திறந்தே இருக்கிறது; குண்டின் விட்டமும் கூட்டின் விட்டமும் ஒன்றே. அதனால் மெழுகு அதிகமானால் அது நேராக ஏறுசரிவிலும் சேம்பர் வாயிலும் படியும். போட்டிப் பிஸ்டல்களுக்கு உருண்டை முனையுள்ள, ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவே ஏற்றது. வேகம் அதிகமான தோட்டாவைப் போட்டால் ஸ்லைடு பலமாக ஓடும், சிக்கல் தீரும் என்று சிலர் சொல்லக்கூடும், கேட்காதீர்கள். இந்தப் பிஸ்டல்களின் ஸ்பிரிங்குகள் அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல, ஸ்லைடு பின்சுவரில் அடித்து அடித்துச் சேதமாகும். பிஸ்டலுக்கென்று விற்கும் இரண்டு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மேகசின் 1ஐ மட்டும் வைத்துச் சோதியுங்கள். தோட்டாப் பெட்டியைத் துணியில் சுற்றி, வெயில் படாமல், உங்கள் பார்வையிலேயே வைத்திருங்கள்.

நீங்கள் ஏர் பிஸ்டலிலிருந்து வந்தவர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உதைப்பு என்பதே இல்லாததால் மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் கருவிக்குக் கவலையில்லை. இங்கே ஸ்லைடு முழுத் தூரம் ஓடுவதற்கு, மற்ற பகுதி உங்கள் கையில் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் சிக்கலுக்கு இது முதன்மைக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை, மணிக்கட்டுக் காரணமானால் இரண்டு மேகசின்களும் ஒரே அளவில் சிக்கியிருக்கும். ஆயினும் சுடுதளத்தில் அனுபவமுள்ள ஒருவரை உங்கள் பிஸ்டலால், உங்கள் முன்னிலையில், பத்துத் தோட்டாக்கள் சுடச் சொல்லிப் பாருங்கள்.

பழைய ஆர்மரர் எழுதியது:

பயிற்சியாளர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு மேகசின்களையும் காலியாக, அருகருகே, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மேலிருந்து பாருங்கள். லிப் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, இடைவெளி இரண்டு மேகசினிலும் ஒன்றுதானா என்று கவனியுங்கள். வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் அளந்து எழுதுங்கள். வேறுபாடு தெரிந்தால் இடுக்கியால் வளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். மேகசின் தேய்ந்து மாறும் பொருள், மாற்றிவிடுவதே முறை. அது கீழே விழுந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

கண்டனூர் இலக்கு எழுதியது:

ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்தபோதுதான் நினைவு வந்தது. முதல் பயணத்தில், சுடுமேசையிலிருந்து ஒரு மேகசின் சிமெண்டுத் தரையில் தலைகீழாக விழுந்தது. துடைத்து எடுத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. நேற்று காலிப்பரால் அளந்தேன். மேகசின் 2இன் இடப்பக்க லிப் முன்முனையில் உள்ளே அழுந்தியிருக்கிறது. இடைவெளி மேகசின் 1ஐ விட 0.4 மில்லிமீட்டர் குறைவு. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு.

நிரப்பும் முறையிலும் பயிற்சியாளர் ஊகித்தது சரிதான். பொத்தானை அடிவரை இழுத்தே நான் நிரப்பிவந்தேன். இம்முறை மேகசின் 1ஐ மட்டும் வைத்து, ஒவ்வொன்றாக அமர்த்தி நிரப்பி, பழைய ரைஃபிள் தோட்டாவிலேயே முதலில் 50 சுட்டேன். ஒரு முறை மட்டும் சிக்கியது. பின்னர் சேம்பரைத் துடைத்துவிட்டு, பிஸ்டலுக்கான தோட்டாவில் 150 சுட்டேன். முனை முட்டியது ஒரு முறைகூட இல்லை. வேறொருவரைச் சுடச் சொன்னபோதும் வேறுபாடு தெரியவில்லை. ஒரே ஒரு முறை, 131ஆவது தோட்டாவில், வெற்றுக் கூடு வெளியேறாமல் ஸ்லைடுக்கு இடையே குத்திட்டு நின்றது. அதை எழுதி வைத்திருக்கிறேன்.

புதிய மேகசினுக்கு இறக்குமதியாளரிடம் எழுதியிருக்கிறேன். வர ஆறு வாரங்கள் ஆகும் என்கிறார்கள். அதற்குள் ஒரு போட்டி இருக்கிறது. ஒரே மேகசினோடு போகலாமா? நடுவில் நின்றால் என்ன செய்ய வேண்டும்?

கோட்டையூர் பயிற்சியாளர் எழுதியது:

தாராளமாகப் போகலாம், ஆச்சி. ஒவ்வொரு தொடருக்கும் ஐந்து தோட்டாக்கள்தான்; நிரப்ப நேரம் இருக்கும், அந்த நேரத்தில் நிதானமாக ஒவ்வொன்றாக அமர்த்துங்கள். நின்றுவிட்டால் பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு, பிடியை விடாமல், மற்றொரு கையை உயர்த்தி நடுவருக்குத் தெரிவியுங்கள். ஸ்லைடைத் தொடாதீர்கள். நாமே இழுத்துச் சரிசெய்ய முயன்றால், அது விதிப்படி ஏற்கத்தக்க கோளாறாகக் கருதப்படாமல், சுடாத தோட்டாக்களுக்குப் புள்ளி இழக்க நேரிடும். வீட்டில் பயிற்சி செய்யும்போது அந்தக் கையை உயர்த்துவதையும் சேர்த்துப் பழகுங்கள். பதற்றத்தில் கை தானாக ஸ்லைடுக்குத்தான் போகும். மேகசின் 2ஐப் போட்டிப் பைக்குள் வைக்கவே வேண்டாம், அவசரத்தில் கைக்கு அதுதான் வரும்.

பழைய ஆர்மரர் எழுதியது:

131ஆவது தோட்டாவில் நின்றது வேறு வகை, அது ஏறும் சிக்கல் அன்று, வெளியேறும் சிக்கல். ஒரு முறை நிகழ்ந்ததை வைத்து எதையும் கழற்ற வேண்டாம். 150 தோட்டாக்களுக்குள், வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகத்துக்கு அடியில் ஈயத் தூளும் மெழுகும் சேர்வது இயல்பு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, போட்டிக்கு முன் ஒரு முறை 60 தோட்டாக்கள் சுட்டுப் பாருங்கள். மறுபடியும் வந்தால் எத்தனையாவது தோட்டா என்று இங்கே எழுதுங்கள். கழித்த மேகசினின் மேல் நகப்பூச்சால் பெருக்கல் குறி போட்டு, பிஸ்டல் இருக்கும் இரும்புப் பெட்டியில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.